ஏற்காடு பஸ்ஸில் பேண்ட்விட்த்

கிளவுட் கம்ப்யூட்டிங் சான்றிதழ்த் தேர்வு எழுத ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள் என்பதால் பயத்தில் வாய் எதையோ முணுமுணுத்தது. பக்கத்தில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா. யார் எதைச் சொன்னாலும் புருவத்தைத் தூக்கி "அப்படின்னா?" என்று கேட்பது அவர் வழக்கம் போலிருந்தது.

"ஏங்கண்ணு, என்ன முனகற?"

"நெட்டுல டேட்டா போறதைப் பத்தின பேண்ட்விட்த், லேட்டன்சிங்க. ரெண்டும் குழம்புதுங்க."

"அப்படின்னா?"

கொஞ்சம் யோசித்தேன். "பேண்ட்விட்த் இந்த ரோட்டோட அகலம் மாதிரிங்க. ஒரே நேரத்துல எத்தனை வண்டி போகலாம்னு சொல்லும். லேட்டன்சி, ஒரு வண்டி சேலம் போய்ச் சேர ஆகிற நேரமுங்க."

"நொம்பத் தெளிவா சொல்ற. அப்பறம் எதுக்குச் சாமி பயப்படற?"

தேர்வில் அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கேள்வியாக வந்தது. தேர்ச்சி என்று திரையில் பார்த்த பிறகுதான் மூச்சு சீரானது. அந்த அம்மா புரிந்துகொள்ளத்தான் கேட்டாரா, என் பயத்தைத் தணிக்கக் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.