டிஸ்கெட்டுக்கு ஒரு வெளியீட்டு விழா

இணையத்தில் புத்தகம் போடுகிறவனுக்கு எழுதுவது கால்வாசி வேலைதான். அது எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு விளக்குவது முக்கால்வாசி. என்னைப் போலவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மலேசியாவில், மலாக்கா பக்கத்துப் பெம்பானில் குடியிருந்தேன். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. உம்பாய் கடலோரத்தில் மீன் சுட்டு விற்கும் மீன்கடையில் நடக்கும் ஒரு கொலையை வைத்துத் துப்பறியும் நாவல் எழுத ஆரம்பித்திருந்தேன். பத்திரிகைகள் முதல் அத்தியாயங்களைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பின. அச்சகத்துப் பக்கம் போக வசதி இல்லை. ஆகவே மலாக்கா டவுனில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து, இலவசமாகக் கிடைத்த இணையப் பக்கத்தில் வாரம் ஓர் அத்தியாயம் ஏற்றினேன். ஆசை ஒன்றே ஒன்றுதான். என் ஊர்க்காரர் ஒருவராவது அதைப் படித்துவிட்டு, வாய் நிறையப் 'புத்தகம்' என்று சொல்ல வேண்டும்.

ரகசிய எழுத்து

அந்தக் காலத்தில் கணினியில் தமிழ் தெரிய வேண்டுமானால், படிக்கிறவரும் அந்த எழுத்துருவைத் தன் கணினியில் இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கொம்பும் சுழியும் கேள்விக்குறியுமாக ஏதோ வரும். இதைப் பக்கத்தின் உச்சியிலேயே கொட்டை எழுத்தில் எச்சரித்திருந்தேன், தமிழில்.

எங்கள் தொழிற்சாலை ஆபீஸில் வேலை பார்த்த ரவி ஆசையோடு திறந்து பார்த்தான். மறுநாள் கேன்டீனில் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். முகம் சரியில்லை. "அண்ணே, துப்பறியுற கதைதான், ஒத்துக்கிறேன். அதுக்குன்னு இவ்ளோ ரகசியமாவா லா எழுதுவீங்க?"

முதல் வாசகி

ஒரு மாதம் கழித்து முதல் மின்னஞ்சல் வந்தது. கனடாவிலிருந்து ஓர் அம்மாள். எழுத்துருவை எப்படி இறக்கினாரோ, அந்த மகராசி நன்றாக இருக்கட்டும். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் என்னைப் படிக்கிறார் என்றதும் மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன். அன்று மாலை யாரைப் பார்த்தாலும் சிரித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் நான் உயிரைக் கொடுத்து எழுதியிருந்த கொலையைப் பற்றி அவர் எழுதியது இவ்வளவுதான்: "கொலை பரவாயில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் தட்டில் சுட்ட மீன் இருந்ததே, அதன்மேல் தடவிய மிளகாய் விழுது, அந்தச் சம்பாலில் என்னென்ன போடுவார்கள்?"

தலைவரின் சந்தேகம்

கனடா பாராட்டினாலும் பெம்பான் திரும்பிப் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் ஒரு புத்தகம் புத்தகமாவது வெளியீட்டு விழாவில்தானே! மண்டபம், மாலை, பொன்னாடை, பேச்சு, நடுவே ஒரு பெரிய மனிதர் முதல் நூலைத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வது. இதெல்லாம் நடந்தால்தான் ஊர் நம்பும். கோயில் மண்டபத்தைக் கேட்டுத் தலைவரிடம் போனேன். லாரி கம்பெனி வைத்து நடத்தியவர், கோயிலுக்குப் பல வருடமாக அவர்தான் தலைவர், பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

நாவல் இணையத்தில் இருக்கிறது, அட்டை கிடையாது, தாள் கிடையாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். மண்டபம் தருவதாகவும் முதல் நூலைத் தானே பெற்றுக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார். எழுந்து வாசல்வரை வந்தவன் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. "எல்லாம் சரி தம்பி. அந்தச் சாமானைத் தட்டுல எப்படி வைப்பே?"

பொட்டு

டிஸ்கெட்டில் வைத்தேன், அப்போதெல்லாம் கணினியில் செருகிக் கோப்புகளைச் சேமிக்கும் சதுர பிளாஸ்டிக் வில்லை. அதில் கடைசி அத்தியாயம் இருந்தது. கொலைகாரன் யார் என்பதை விழா முடிந்த பிறகுதான் ஏற்றுவதாகத் திட்டம். நேராகக் கணினியில் தட்டியது, கையெழுத்துப் பிரதி இல்லை. கஃபே கணினியில் எதையும் சேமித்து வைக்க விடமாட்டார்கள். இன்னொரு பிரதி எடுத்திருக்கக் கூடாதா என்று நீங்களும் கேட்காதீர்கள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

வெற்றிலை, வாழைப்பழம், நடுவில் கறுப்பு டிஸ்கெட். நான் மேடையில் தட்டை நீட்டினேன். தலைவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புது லாரிக்குச் செய்வதுபோல, கிண்ணத்திலிருந்த சந்தனத்தை மூன்று விரலால் வழித்து, அதன் ஓரத்து இரும்புத் தகட்டின்மேல் தாராளமாகப் பூசி, குங்குமமும் வைத்தார். தூக்கிக் காட்டினார். கைதட்டல் அடங்க நேரமானது. சந்தனத் தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் ஒழுகுவதை நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கில் சொன்னார்: "புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம விடலாமா?"

கஃபேயில்

ஏற்றிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று டிஸ்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். வேட்டியால் துடைத்ததில் வெளியே சுத்தமாகத்தான் இருந்தது. கணினிக்குள் போனதும் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அது வெளியே வரவில்லை. கஃபே நடத்திய சீனர் ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நான்கு மாத உழைப்பின் முடிவு அவர் கையில் மணத்துக்கொண்டிருந்தது. அவர் மலாயில், டிஸ்கெட்டா பலகாரமா என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார்: "இனி டிஸ்கெட்கா, குவே கா?"

ஞாயிற்றுக்கிழமை விசாரணை

மறுபடி எழுத மனம் வரவில்லை. இணையப் பக்கத்தில் 'கடைசி அத்தியாயம் விரைவில்' என்று ஒரு வரி போட்டுவிட்டு, தொழிற்சாலையே கதி என்று இருந்தேன். தலைவரிடம் நடந்ததைச் சொல்லவும் இல்லை. அவர் ஆசையாக வைத்த பொட்டு, எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிறு காலை வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தலைவர்தான். கக்கத்தில் தடித்த காகிதக் கட்டு, மூலையில் லாரிச் சாவிக்குப் போடும் கம்பி வளையம் கோர்த்திருந்தது. வாங்கின சாமான் என்னவென்று பார்க்கலாமே என்று மகளிடம் சொன்னாராம். அவள் எழுத்துருவை இறக்கி, தன் ஆபீஸில் எல்லா அத்தியாயங்களையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறாள். ஓரங்களில் மஞ்சள் கறை. சாப்பிடும்போதும் விடவில்லை போலிருக்கிறது.

"கொன்னது மீன்கடை முதலாளியா, ஐஸ் கொண்டாந்து போடுறானே, அந்த லாரிக்காரனா? லாரிக்காரனா இருக்காது. நான் சொல்றேன், இருக்காது."

டிஸ்கெட் போன கதையைச் சொன்னேன். சந்தனம் என்றதும் ஒரு கணம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கட்டைத் தூக்கி என் மேசைமேல் போட்டார்.

"கொன்னவன் யாருன்னு தெரியாம நான் எப்படித் தூங்குறது? போ, உக்காந்து எழுது. புத்தகத்தை முடிக்காம எவனாச்சும் வெளியீடு பண்ணுவானா?"

ஆகவே, இணையத்தில் புத்தகம் போட வருகிறவர்களே, உங்கள் ஊர் உங்களைப் படிக்க வேண்டுமானால் கடைசி அத்தியாயத்தை மட்டும் சந்தனத்தில் நனைத்துவிடுங்கள், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.