வெள்ளிமலைக்கு இழுத்துப் போன மெஷினும் மூன்று பேர் ஊற்றிய ஆயிலும்

வெள்ளிமலையில் என் கொழுந்தியாள் கலா சாமை அரிசி மில் வைக்கப் போவது எங்கள் ஊர் தியாகதுருகம் முழுக்கத் தெரியும். நான்தான் சொன்னேன். கோவையிலிருந்து மெஷினைக் கொண்டுவர லாரி எதற்கு, என் டீசல் ஜீப்பில் டிரெய்லர் மாட்டி இழுத்து வந்துவிடுகிறேன் என்று வாயைக் கொடுத்தவனும் நானே. போன ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை திறப்பு. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் மெஷின் ஓட வேண்டும். மலைப் பெண்கள் சாமை மூட்டையோடு காத்திருப்பார்கள்.

பாரம் இழுப்பதென்றால் முதலில் ஆயில் மாற்ற வேண்டும். எந்த ஆயில் என்பதில் வீடு இரண்டுபட்டது. "ஜாஸ்தி வெயிட்டு இழுக்கற வண்டி மாமா, நல்லா கெட்டியா ஊத்தணும்" என்றான் மச்சான் ஏழுமலை. தண்ணீர் போல இருந்தால்தான் மேட்டில் சுறுசுறுப்பாக ஏறும் என்றார் மாமனார். நான் இருவருக்கும் தலையாட்டினேன். என் மனைவி செல்வி டேஷ்போர்டைத் திறந்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து வண்டியின் கையேட்டை எடுத்தாள். 15W-40 என்ற ரகம், டீசல் எஞ்சினுக்கு, ஆறு லிட்டர். சண்டை முடிந்தது. ஐந்து லிட்டர் கேன் இரண்டு, 3,900 ரூபாய்.

வியாழன் அன்று கோவையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். மெஷினோடு ஜீப் சமர்த்தாக வந்தது. மாலையில் வீட்டு வாசலில் நிறுத்தினோம். ஆறு லிட்டர் ஊற்றியதுபோக மீதி ஆயில் தின்பண்டம் போலத் தாழ்வாரத்தில் இருந்தது.

வெள்ளி காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வெள்ளிமலை சுமார் 55 கிலோமீட்டர். கள்ளக்குறிச்சியில் இட்லி, நான்கு பேருக்கு 210 ரூபாய். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பின்னால் நீலப் புகை. அப்படியொரு புகை. எதிரே வந்த மினி பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "இன்னாங்க, கொசு மருந்தா அடிச்சிக்கினு போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சமதளமாகப் பார்த்து நிறுத்தி, சற்றுப் பொறுத்து, செல்வி ஆயில் அளவுக் கம்பியை உருவினாள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் எங்கேயோ நின்றது.

"யாரு ஊத்தினது?"

ஏழுமலை குனிந்து டயரைப் பார்த்தான். பிறகு மாமனார், "நாள் பூரா இழுத்த வண்டி, பாவம்னு அரை லிட்டரு" என்றார். ஏழுமலையும் அரை லிட்டர். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும்தான்.

"வண்டிக்கே விருந்து வெச்சிருக்கீங்க" என்றாள் செல்வி.

அதிகமானதை இறக்கியாக வேண்டும். கேன் வீட்டில். கைவசம் இருந்த ஒரே பாத்திரம் திறப்புக்கு வருகிறவர்களுக்கென்று கொண்டுபோன ஐந்து லிட்டர் மோர்த் தூக்கு. மோரைக் கீழே கொட்ட மாமனாருக்கு மனசு வரவில்லை. எஞ்சின் ஆறும் வரை நால்வரும் மூடியால் மொண்டு குடித்தோம், குடித்தோம். மணி ஒன்பதைத் தாண்டியது. ஏழுமலை வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் புகுந்து போல்ட்டைத் தளர்த்த, தூக்கில் ஒன்றரை லிட்டர் இறங்கியது. மறுபடி கம்பி பார்த்தோம். இரண்டு கோட்டுக்கும் நடுவில். கொஞ்ச தூரத்தில் புகையும் நின்றது.

பத்தேகாலுக்கு மில் வாசல். மூட்டையோடு நின்ற பெண்களே மெஷினைத் தள்ளி இறக்கினார்கள். பத்து இருபத்தாறுக்குக் கலா சுவிட்சைப் போட்டாள். முதல் சாமை அரிசி கொட்டியதும் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பாரம் இழுத்து மலையேறப் போகிறவர்களுக்கு: கையேடு சொன்ன ஆயிலை, சொன்ன அளவு ஊற்றுங்கள். சமதளத்தில், எஞ்சினை அணைத்துச் சற்றுப் பொறுத்துக் கம்பியைப் பாருங்கள். குறைவது மட்டுமல்ல, கூடினாலும் கெடுதல்தான். முக்கியமாக, மீதிக் கேனைப் பூட்டி வையுங்கள். வீட்டில் பாசக்காரர்கள் இருப்பார்கள்.

பிறகு பந்தி. வயிற்றில் மோர் தளும்ப உட்கார்ந்தோம். மூன்றாவது கரண்டி பாயசம் வந்தபோது மாமனார் இலையைக் கையால் மறைத்தார். "போதும்மா, மேல் கோட்டத் தாண்டிப் போய்க்கினு இருக்குது."

கலா அவர் பெற்ற மகள். கையை விலக்கிவிட்டு ஊற்றினாள்.