மல்லிப்பூ மாதிரி சோறு

சிவப்பரிசி வெந்த வாசனை மலேசியாவின் கிள்ளானில் எங்கள் ஃபிளாட் முழுக்கப் பரவியிருந்தது. அப்பா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சர்க்கரையால் அவர் கால் புண் ஆறவில்லை. சத்துணவியல் படித்த மகள் நான், அவரைச் சிவப்பரிசிக்கு மாற்றுவதில் மூன்றாவது வாரமாகத் தோற்கிறேன்.

“எஸ்டேட்டு வாசனை அடிக்குதும்மா,” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஞாயிறுதோறும் அப்பா அரிசியைத் தட்டில் கொட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். பாக்கெட் அரிசிதான், சுத்தமாகவே இருக்கும். இருந்தும் பழுப்பாய் ஒரு மணி தெரிந்தால் பொறுக்கி வீசுவார்.

“போதும்லா, அரிசிக்கே பரீட்சை வைக்கிறீங்க!” என்று அம்மா கிண்டலடிப்பார்.

“என் வீட்ல சோறு மல்லிப்பூ மாதிரி இருக்கணும்.”

சின்ன வயதில், தான் வளர்ந்த எஸ்டேட் தோட்டத்துக் கடையில் வரிசையில் நின்று அப்பா வாங்கியது பூச்சி விழுந்த பழுப்பு நொய். வெள்ளைச் சோற்றை விடச் சொல்வது, அவரை மறுபடி அந்த வரிசையில் நிறுத்துவதுதான். உணவு அட்டவணை போட்டுப் பேசிய எனக்கு இது இத்தனை நாள் தோன்றவே இல்லை.

இருவருக்கும் அலுத்துவிட்டது. தட்டை எடுத்துவிட்டேன். நாளை வெள்ளைச் சோறே, ஆனால் ஒரு கரண்டிதான். சுற்றிலும் கீரையும் மீனும் நிறைய வைப்பேன். அரிசியை அவரையே பொறுக்கித் தரச் சொல்லப் போகிறேன்.