நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனேன்

என் கழுத்தில் தைராய்டு கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது, அறுத்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உயிர்ப்பயம் வரவில்லை. உயிர் அம்மன் கொடுத்தது, அவள் பார்த்துக்கொள்வாள். பயமெல்லாம் குரலுக்குத்தான். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் கோவில் பஜனையில் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவள் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவள். அம்மனுக்குக் கொடுக்க என்னிடம் வேறென்ன இருக்கிறது?

டாக்டர் சீனர். மலாயில் பொறுமையாக விளக்கினார். கழுத்தில் ரத்தக்குழாய்கள் ஏராளம். ரத்தம் கசிந்தால் குரல் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால் அவ்வப்போது சுட்டு நிறுத்தியாக வேண்டும். அந்தச் சூடு நரம்பில் பட்டாலோ, குரல் போய்விடும். பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறதாம். அதன் கரண்டு உடம்புக்குள் ஓடி, தொடையில் ஒட்டுகிற ஒரு தகடு வழியாக வெளியே போகும். கத்தரிக்கோல் மாதிரி இன்னொன்று, அதிர்ந்தே குழாயை அடைத்து வெட்டிவிடும். இடுக்கி மாதிரி இருப்பதில் இரண்டு நுனிக்கும் நடுவில் மட்டும்தான் சூடு. நரம்புப் பக்கம் போனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இடுக்கியை எடுப்பேன், ரொம்பக் கிட்டே என்றால் சுடவே மாட்டேன், நூலால் கட்டிவிடுவேன் என்றார்.

எனக்குக் கோவில் ஆரத்திதான் ஞாபகம் வந்தது. குருக்கள் சூடத்தட்டை அம்மன் முகத்துக்கு அவ்வளவு கிட்டே கொண்டுபோவார். பட்டுப்புடவையில் ஒருநாளும் பொறி விழுந்ததில்லை. அந்தக் கையை இவருக்கும் கொடு தாயே என்று கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரர், "போனா போகட்டும்லா, வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றார்.

"குரல் போச்சுன்னா கரண்டியாலதான் பேசுவேன். பரவால்லையா?"

கெலுகோரில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கரண்டியை எடுத்து ஒளித்து வைத்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் நகை, பவுடர், லோஷன் எதுவும் கூடாது என்று போட்டிருந்தது. அன்று விடிகாலையில் நான் யோசித்தேன். சூடு வைக்கப் போகிறார்கள், உடம்பு குளிர்ந்திருந்தால் நல்லதுதானே? கழுத்துக்குக் கீழே பாதம்வரை நல்லெண்ணெய் தேய்த்து, குளிர்ச்சி போய்விடக் கூடாதென்று சோப்புப் போடாமல் வெந்நீர் மட்டும் ஊற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் தாலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்தால் தொலைந்துவிடும் என்று, தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

ஆபரேஷன் அறையில் நர்ஸாக இருந்த தமிழ் மிஸ்ஸி ஒருத்தி தொடையில் அந்தத் தகட்டை ஒட்டினாள். அது வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி அழுத்தினாள், மறுபடி நழுவியது.

"என்னாக்கா போட்டீங்க?"

"ஒன்னும் போடலம்மா."

குனிந்து மோந்து பார்த்தாள். "நல்லெண்ணெய் வாசம் அடிக்குதே!"

"லோஷன்தானே கூடாதுன்னு போட்டிருந்துச்சு?"

"ஐயோ அக்கா! இது நல்லா ஒட்டலன்னா தொடையில சுட்டுரும். நீங்க என்னன்னா பொரிக்கிறதுக்கு ரெடியா எண்ணெயோட வந்திருக்கீங்க!"

அவள் மலாயில் சொல்ல, டாக்டரின் கண்கள் முகமூடிக்கு மேலே சிரித்தன. சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஈரம் போக ஒற்றி, புதுத் தகடு ஒட்டினார்கள். அந்த வெட்கத்தில் பயப்படவே மறந்துபோனேன். தாயே என்று அம்மனை நினைத்தேன், தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் வார்டில் டாக்டர் வந்து, ஏதாவது பேசுங்கள் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து சத்தம் வராவிட்டால்? திறக்காதவரை குரல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம் அல்லவா? வார்டு மிஸ்ஸியும் தமிழ்தான், கெஞ்சினாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். மேல் பட்டன் இரண்டும் கழன்றிருந்தன. நெஞ்சில் என் தாலி, ஊரே பார்க்கும்படி தொங்கியது.

"அண்ணே, எப்பக் கல்யாணம் ஆச்சு?" என்றாள் மிஸ்ஸி.

"ஏங்க! சட்டைய மூடுங்க, மானம் போவுது!"

சொன்னது நான்தான். கரகரவென்று, அரைகுறையாக. ஆனாலும் என் குரல். டாக்டர் தலையசைத்துக்கொண்டே எழுதினார். என் வீட்டுக்காரர் சட்டையை மூடவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைத் திட்டிட்டா லா!" என்று பக்கத்துக் கட்டில்கார அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். மேல் சுருதி எட்டவில்லை, இறக்கித்தான் எடுத்தேன். பின்னாலிருந்து ஜால்ராச் சத்தம் கேட்டது. திரும்பினால் என் வீட்டுக்காரர்! குரல் திரும்பி வந்தால் வாராவாரம் பஜனையில் ஜால்ரா தட்டுவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டாராம். அவருக்குத் தாளம் என்பது சுத்தமாக வராது. ஒவ்வொரு அடியிலும் பிந்தித்தான் வந்து சேர்கிறார். அவர் வரும்வரை நான் கடைசி எழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இழுக்க முடிகிறது.