வெட்டி எடுத்த எட்டுப் பக்கங்கள்

ஒரு நாவலின் கடைசி எட்டுப் பக்கங்களைச் சவர பிளேடால் வெட்டி எடுத்தவன் நான். அதை நகைச்சுவை என்று நினைத்தேன். என் நகைச்சுவைக்கு ஊரில் நான் ஒருவன்தான் ரசிகன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பழைய துறைமுகத்தில் ஓர் ஏஜென்ட் ஆபீசில் டாலி கிளார்க். தோணியில் ஏறும் மூட்டைகளைப் பார்த்துக் கோடு போடுகிற வேலை. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் காமிக்ஸ் படிப்பேன். என் கணக்கில் சில மூட்டைகள் கடலுக்குப் போகாமலே கொழும்பு சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

என் கூட்டாளி கொழும்புக்குப் பாய் விரித்துப் போகும் தோணி ஒன்றில் வேலை பார்த்தான். கரையில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் பீச் ரோடு டீக்கடைக்கு வந்துவிடுவான். படித்ததைப் பேசித் தீர்க்காமல் இரண்டு பேருக்கும் டீ இறங்காது. காமிக்ஸில் சிவப்பு மை எப்போதும் இடம் தவறித்தான் விழும். குண்டு பட்டவன் ஓரிடத்தில் கிடப்பான், ரத்தம் பக்கத்தில் நிற்கும் குதிரைமேல் இருக்கும். குதிரையும் செத்துவிட்டதென்று நான் ஒரு வாரம் வாதாடியிருக்கிறேன்.

அவன் மனைவி டீக்கடைக்கு வந்ததில்லை. அவள் தீர்ப்பு மட்டும் அவன் வாய்வழியாகத் தவறாமல் வந்துவிடும். "ஏலே, கொன்னது டாக்டருதான்னு ரெண்டாம் அத்தியாயத்துலயே அவ சொல்லிட்டா" என்பான். கடைசிவரை தோட்டக்காரனைச் சந்தேகித்த நான், எனக்கும் அப்போதே தெரியும் என்பதுபோலத் தலையாட்டுவேன்.

தோணியில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். காற்று விழுந்த மதியங்களில் அவன் உரக்கப் படிக்க, மற்ற பத்துப் பேரும் கேட்பார்கள். தோணியின் தலைவரான தண்டலுக்கு அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. தொடங்கிய கதையைப் போகிற பயணத்திலேயே முடித்துவிட வேண்டும். பாதிக் கதை தோணியில் கிடந்தால் பயணமும் பாதியில் நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. என் கூட்டாளி இதைச் சொன்னபோது நான் புரை ஏறச் சிரித்தேன்.

தெரிந்துதான் வெட்டினேன். வெட்டிய புத்தகத்தை அவனிடம் கொடுத்தேன். அது ஒரு கப்பல் கதை. ஒன்பது பேர் ஏறுகிறார்கள், ஒவ்வொருவராக மறைகிறார்கள். தோணி புறப்பட இன்னும் ஒரு வாரம் இருந்தது. படித்துவிட்டு மறுநாளே முடிவைக் கேட்டு ஓடி வருவான், இரண்டு நாள் கெஞ்சவிட்டுக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மூட்டைக் கணக்கே வராதவன் போட்ட கணக்கு.

சரக்கு முந்தி வந்துவிட்டது. காற்றும் வாய்த்தது. தண்டல் மறுநாள் விடியும்போதே கயிற்றை அவிழ்த்துவிட்டார். சட்டைப் பையில் எட்டுப் பக்கங்களோடு நான் தோணி கட்டும் பாலத்துக்குப் போனபோது பாய் கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். மழை சரிந்து பெய்தது. தோணி வந்து சேரவில்லை என்று கொழும்பிலிருந்து தந்தி வந்தது. மாதா கோயிலில் பெண்கள் முழங்காலில் நின்றார்கள். டீக்கடையில் என்னிடம் யாரும் என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அவன் மனைவி ஆபீசுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதைக் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, அந்தத் தாளு ஒங்ககிட்டதான இருக்கு? பிளேடு வச்ச ஓரத்த அன்னைக்கே பாத்தேன். அவியகிட்டச் சொன்னேன், சிரிச்சாவ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தக் கப்பல் கர சேருதா, இல்லியா?"

சேருகிறது என்றேன். பொய்யில்லை. கதையில் கப்பல் கரைக்கு வரத்தான் செய்கிறது, உள்ளே ஆள் இல்லாமல். அவள் கையை நீட்டினாள். மேசை இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன். நின்றபடியே எட்டுப் பக்கங்களையும் படித்தாள். பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"சரியா எழுதல, அண்ணாச்சி" என்றாள். "ஒம்பது பேரு ஏறுனாவ. எட்டுப் பேரு சாவத்தான் சொல்லிருக்கான். சமையக்காரன் என்ன ஆனாம்னே இல்ல. எழுதுனவன் அவன மறந்துட்டான்."

இரண்டு முறை படித்த எனக்கு அது கண்ணில் படவில்லை. அவள் தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறந்துபோன அந்த ஒருவனையும் கூட்டிக்கொண்டு போவதுபோல மழையில் இறங்கி நடந்தாள்.

பன்னிரண்டாம் நாள் தந்தி வந்தது. பாய்மரம் முறிந்த தோணி கொழும்புக்கு வடக்கே கற்பிட்டிப் பக்கம் மணல்திட்டில் ஏறிக் கிடந்தது. பதினோரு பேரும் உயிரோடு இருந்தார்கள். நான் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் மிளகாய் வத்தல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, வத்தல் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவன் ஊர் திரும்பினான். டீக்கடைக்கு வரவில்லை. நடந்ததைக் கடைக்காரர்தான் சொன்னார். பயணத்தின் இரண்டாம் நாள் மதியம் வெட்டிய இடம் வந்திருக்கிறது. முடிவு எங்கே என்று தண்டல் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் ஆளுக்கொரு பக்கமாக எழுந்து போய்விட்டார்களாம். அடுத்த நாள் காற்று அடித்தது. சரக்கைக் கடலில் தள்ளியவர்கள் அந்தப் புத்தகத்தையும் தள்ளினார்கள். கரை சேர்ந்த பிறகும் அவனோடு யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை.

தண்டலைத் தேடிப் போனேன். வலது கையால் வெட்டினேன், இடது கையால் பிடித்துக்கொண்டேன் என்றுகூடச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வெட்டுனது நீரு. தோணிக்குக் கொண்டாந்தது அவம்லா" என்றார்.

அந்தச் சொல் எனக்கு முன்னால் கரையெல்லாம் போய்விட்டது. வேறு மூன்று தண்டல்களிடமும் அவனுக்கு வேலை கேட்டுப் பார்த்தேன். ஆள் நல்லவன்தான் என்று மூவருமே ஒத்துக்கொண்டார்கள். தோணியில் ஏற்றிக்கொள்ள ஒருவரும் சம்மதிக்கவில்லை.

பங்குனியில் அவன் உப்பளத்துக்கு வேலைக்குப் போனான். புதிதாக வந்த இரண்டு காமிக்ஸை எடுத்துக்கொண்டு ஒரு மதியம் அவனைப் பார்க்கப் போனேன். வெள்ளை வெயிலில் பாத்தி நடுவில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தான். ஓரத்துக்கு வந்தான். உள்ளங்கையில் உப்பு அரித்த புண். என்னை ஏலே என்று அவன் கூப்பிடுவான் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"வீட்டுல குடுத்துருங்க" என்றான். "அவ படிப்பா. எனக்கு இந்த வெயில்ல கண்ணு கூசுது."