தியுர்மாவுக்கு ஒரு நல்ல திட்டு வேண்டும்

பாலிகே ஊரிலிருந்து தோபா ஏரியை ஒட்டிப் போகும் சாலையில் மங்காசியின் பஞ்சர் கடை இருக்கிறது. அவர் மனைவி தியுர்மா, காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில் ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்து கைபேசியில் நாவல் எழுதுகிறவள். மெஷின் ஓடும்போது உரையாடல் எழுதுவாள். அது நின்றதும் வர்ணனைக்குப் போய்விடுவாள். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் எழுத்தாளரை நான் தலைநகரத்திலும் பார்த்ததில்லை.

நாவலின் கதை எங்கள் பாத்தாக் ஜனங்களுக்குப் புதிதல்ல. ஒரு கல்யாணம். வெட்டிய பன்றியின் தலைப் பங்கு எந்த உறவுக்குப் போக வேண்டும் என்று பந்தலில் வாய்ச்சண்டை. சண்டை ஓய்வதற்குள் பெண் ஒரு பஸ்ஸிலும் மாப்பிள்ளை வேறொரு பஸ்ஸிலும் ஏறிவிடுகிறார்கள். எழுதி முடித்ததும் தியுர்மா இணையத்தில் ஒரு பயிலரங்கில் சேர்ந்தாள். ‘நயமான உரையாடல் எழுதுவது எப்படி’ என்று நடத்தினார்கள். அவர்கள் சொன்னபடி பேச்சையெல்லாம் அலசிப் பிழிந்து காயவைத்து, நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினாள்.

நான்கும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலை எழுதின. படைப்பை அனுப்பியதற்கு மனமார்ந்த நன்றி, தற்சமயம் எங்களுக்குப் பொருந்தவில்லை.

“பொருந்தலன்னா எங்க பொருந்தலன்னு சொல்லணும்ல? சட்டைன்னா தோள்ல இறுக்குதா, இடுப்புல தொங்குதான்னு தையக்காரன் சொல்லுவான்” என்று மங்காசியிடம் குமுறினாள்.

“டியூப்னா தண்ணில முக்கிப் பார்ப்பேன். ஓட்டை இருக்கிற இடத்துல குமிழ் வரும்” என்றார் அவர். “உன் கதைய முக்கிப் பார்க்க இந்த ஏரி பத்தாதுடி.”

அந்தக் குமிழைத் தேடித்தான் அவள் பயிலரங்கு பயிலரங்காக ஏறி இறங்கினாள். எங்கள் நாட்டில் மழைக்கு அடுத்தபடியாகப் பொழிவது எழுத்துப் பயிலரங்குதான். பெரும்பாலும் வாட்ஸப்பில் நடக்கும். ஆசிரியர் பாடம் போடும்போது குழுவைப் பூட்டிவிடுவார்கள். திறந்ததும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். பிறகு ஒருவர் ஒரு பக்கம் எழுதிப் போடுவார், மற்றவர்கள் கைதட்டல் படம் போடுவார்கள், ஆசிரியர் ‘அருமை’ போடுவார். மறுநாள் மின்னஞ்சலில் தங்க ஓரம் வைத்த சான்றிதழ் வந்துவிடும். வகுப்பு முழுக்கத் தூங்கியவருக்கும் உண்டு, அதுவும் அவர் பெயரை மற்றவர்களுடையதைவிடப் பெரிய எழுத்தில் போட்டு. பாத்திரப் படைப்பு, கதைத் திருப்பம், பதிப்பாளருக்கு மடல் எழுதுவது, அட்டைப்படம் தேர்வது, முகநூலில் புத்தகம் விற்பது என்று தியுர்மா எல்லாவற்றிலும் தேறினாள். இன்னும் புத்தகம் மட்டும்தான் வரவில்லை.

கடைசியாக அவளும் நானும் சேர்ந்தது சோலோ நகரத்து ஹந்தோயோவின் பயிலரங்கில். அவர் பேர்பெற்ற நாவலாசிரியர், பல காலம் பதிப்பாசிரியராகவும் இருந்தவர். கொசுவை அடிப்பதற்கு முன்னால் அதனிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதர். ஜகார்த்தாவில் ஒரு பெரிய பதிப்பகம் அவருக்காக ஒரு சலுகை தந்திருந்தது. வகுப்பிலிருந்து அவர் பரிந்துரைக்கும் ஒரே ஒரு நாவலை, மாதக் கடைசிக்குள் கொடுத்தால் படித்துப் பார்ப்பார்கள். ஒரு தடவைதான் படிப்பார்கள். பிடிக்காவிட்டால் அந்தக் கதைக்கு அங்கே மறுபடி இடமில்லை.

ஹந்தோயோ தேர்ந்தெடுத்தது தியுர்மாவின் நாவலை. குழுவில் பட்டாசுப் படங்கள் வெடித்தன. நாங்கள் எல்லோரும் வாழ்த்து போட்டு ஓய்ந்த பிறகு அவள் எழுதினாள்: “ஐயா, நாலு பேர் திருப்பி அனுப்பின அதே கதை இது. அஞ்சாவது ஆள் மட்டும் எடுத்துக்குவாங்களா? இதுல என்ன கோளாறுன்னு சொல்லுங்க. தெரியாம அனுப்ப மாட்டேன்.”

சோலோக்காரர்களுக்கு முகத்துக்கு நேரே குறை சொல்வது விருந்தாளியின் தட்டிலிருந்து மீனை எடுப்பதற்குச் சமம். எங்கள் ஏரிக்கரையிலோ குறை சொல்லாமல் இருந்தால்தான் ‘என்ன கோபம்?’ என்று வீடு தேடி வந்து கேட்பார்கள்.

“கோளாறுன்னு ஒண்ணும் இல்லம்மா. இன்னும் கொஞ்சம் மெருகு போடலாம்” என்றார் ஹந்தோயோ.

“எந்த இடத்துலங்கய்யா?”

“அங்கங்க.”

“அங்கன்னா எங்க?”

ஒருங்கிணைப்பாளர் விதுரி ஓடி வந்தாள். “தியுர்மா அக்கா, இங்க நாம அன்பாத்தானே பேசிக்கிறோம்? உங்க எழுத்து பூ மாதிரி இருக்குக்கா.”

“பன்றிச் சண்டைம்மா அது. பூ மாதிரி இருந்தா அதுதாம்மா கோளாறு!”

விதுரி பதிலுக்கு ஒரு பூப்படம் போட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை மதியம் நேரலைக் கூட்டம். தேர்வான நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை எழுதியவரே வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கருத்துச் சொல்லி முடிக்கும் வரை அவர் வாய் திறக்கக் கூடாது என்பது வகுப்பு விதி. எங்கிருந்து வாசிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. தியுர்மா நேரே தன் தாய்மாமன் ஜொங்கியின் கள்ளுக்கடைக்குப் போனாள். கால்பந்து பார்ப்பதற்காக மாட்டிய பெரிய டிவியில் வகுப்பை ஓடவிட்டாள். அங்கே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பஸ் ஓட்டுநர்களும், கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர்களும், சோடா வாங்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட அவள் நாத்தனார் ரொமிந்தாவும் இருந்தார்கள். எல்லோரும் டிவியில் தெரிந்த எங்கள் முகங்களை அந்நிய நாட்டு அணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

தியுர்மா கல்யாணச் சண்டையை, பெண் பஸ் ஏறுவது வரை வாசித்தாள். தலைப் பங்கு தவறான இலைக்குப் போகிறது. பெண்ணின் தாய்மாமன் எழுந்து சொல்கிறார்: “மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களே, பங்கு பிரித்த முறை குறித்து என் மனத்தில் எழுந்துள்ள சிறு தயக்கத்தைப் பகிர்ந்துகொள்ள அனுமதிப்பீர்களா?”

திரையில் கைதட்டல்கள் மிதந்தன. கள்ளுக்கடையில் சதுரங்கக் காய் ஒன்று தரையில் விழுந்தது.

“யாருடி இவன்?” என்றார் ஜொங்கி மாமா.

வாய் திறக்கக் கூடாது என்பதால் தியுர்மா கையால் தன் தாய்மாமனையே சுட்டிக் காட்டினாள்.

“நானா? பேங்க்ல லோன் கிடையாதுன்னு சொல்றவன் மாதிரில்ல பேசுறான்! என் கல்யாணத்துல தலைப் பங்கு மாறினப்ப எங்கப்பன் சம்பந்தியப் பார்த்து ‘ஏரிய பக்கத்துல வச்சுக்கிட்டே குளிக்காத எருமை’ன்னான். அவன் இலையத் தூக்கி எறிஞ்சான். அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் உறவே ஆனாங்க.”

“அந்த நேரத்துக்கு அந்த ரூட்ல பஸ் கிடையாது” என்றார் ஓர் ஓட்டுநர்.

“நீ சும்மா இருய்யா. எனக்கு வேற சந்தேகம்” என்றாள் ரொமிந்தா. “ஏன் அண்ணி, அந்தப் பொண்ணு எதுக்கு பஸ் ஏறுறா? ஒருத்தரும் ஒரு வார்த்தை கெட்டதாப் பேசலையே! இவ்வளவு மரியாதையான குடும்பம் கிடைச்சா நான்னா செத்தாலும் போக மாட்டேன்.”

“ஒரு நாய் இருந்தா கதை நல்லாருக்கும்” என்றது கிட்டார் பக்கமிருந்து ஒரு குரல்.

விதுரி பதறிப்போய் “தொழில்நுட்பக் கோளாறு போலிருக்கு” என்று கள்ளுக்கடையின் ஒலியை அடைத்தாள். எங்கள் திரையில் அவர்களுடைய வாய்கள் மட்டும் ஓடின. ஹந்தோயோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“திறந்து விடும்மா விதுரி. அந்தப் பொண்ணு ஏன் பஸ் ஏறினான்னு எனக்கும் தெரியணும்.”

தியுர்மா விதியை மீறினாள். “எனக்குத் தெரியும் ஐயா. முதல்ல எழுதினப்ப அந்த மாமன் எருமைன்னு சொன்னான், அதுக்கு மேலயும் சொன்னான். சம்பந்தி பதிலுக்குப் பொண்ணோட அம்மாவ இழுத்தான். அதனாலதான் அவ போனா. நயமா எழுதுன்னாங்கன்னு எல்லாத்தையும் நான்தான் கழுவிட்டேன். பஸ்ஸ மட்டும் அப்படியே விட்டுவச்சுட்டேன்.”

அன்று மாலையே குழுவில் எழுதினாள்: இந்த நாவலை இப்படியே அனுப்ப வேண்டாம், திருத்தித் தருகிறேன், பிடிக்காவிட்டால் வேறொருவருடையதை அனுப்புங்கள். விதுரி தனியாகக் கெஞ்சினாள். கிடைத்த வாய்ப்பை யாராவது உதறுவார்களா அக்கா என்று கேட்டாள். “உதறலம்மா, ஒட்டுறேன்” என்று பதில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாட்களில் பஞ்சர் கடைக்கு வந்தவர்கள் காசோடு வேறொன்றும் கொடுத்துவிட்டுப் போனார்கள். “உங்க சம்பந்திய கடைசியா என்ன சொல்லித் திட்டினீங்க?” என்று கேட்டு எழுதிக்கொண்டாள் தியுர்மா. ஒரு லாரிக்காரர் தன் சம்பந்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, டயர் மாட்டிய பிறகும் கிளம்ப மறுத்தார். மங்காசி தன் பங்குக்குக் கொடுத்த வசையை மட்டும் அவள் சேர்க்கவில்லை. அது அவளுடைய அப்பாவைப் பற்றியது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் திருத்திய நாவல் சோலோவுக்குப் போனது. மறுநாள் ஹந்தோயோ தொலைபேசியில் கூப்பிட்டார். செய்தி அனுப்பாமல் அவர் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

“ஏரிப் பக்கம் மழை எப்படிம்மா?”

“பெய்யுது ஐயா.”

“வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம். கதை எப்படி?”

“படிச்சேன். உங்க உழைப்பு தெரியுது.”

“ஐயா, ‘உழைப்பு தெரியுது’ன்னு எங்க கடையில சொன்னா, ஒட்டின டயர் மறுபடி இறங்கிடுச்சுன்னு அர்த்தம். நாளைக்கு அனுப்பணும். உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன், ஓட்டை எங்கன்னு சொல்லுங்க.”

எதிர்முனையில் ஹந்தோயோ ஒரு தடவை செருமினார், மறுபடியும் செருமினார். ஒரு நல்ல மனிதர் தன் ஊரையும் வளர்ப்பையும் விட்டு இறங்கி வர நேரமாகும் அல்லவா?

“மூணாவது அத்தியாயம்...”

“சொல்லுங்க.”

“தூங்கிட்டேன்மா.”

“எந்த இடத்துல?”

“ஏரிய வர்ணிக்கிற இடத்துல.”

“அப்புறம்?”

“முழிச்சுப் பார்த்தேன். அப்பவும் ஏரிதான் ஓடிட்டிருந்தது.”

தியுர்மா போட்ட கூச்சலில் மங்காசி மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். “என்னடி? யாரு போயிட்டா?”

“திட்டுறாருய்யா! சோலோக்காரர் என்னைத் திட்டுறாரு!”

மடை திறந்தபின் ஹந்தோயோவால் நிறுத்த முடியவில்லை. மாப்பிள்ளைக்கு முதுகெலும்பு இல்லை என்றார். ஐந்தாவது அத்தியாயத்தில் வரும் பாதிரியார் எதற்கென்றே தெரியவில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார் என்றார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மன்னிப்பு வைத்தார், ஆனால் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தியுர்மா ‘ம்’ கொட்டியபடி டயரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே போனாள்.

“கல்யாணச் சண்டை பத்தி ஒண்ணும் சொல்லலையே ஐயா?”

“அதுல கை வைக்காதீங்க” என்றார் ஹந்தோயோ. “ஒரு எழுத்தக்கூட மாத்துனீங்கன்னா பரிந்துரைக் கடிதம் தர மாட்டேன்.”

இத்தனை காலம் வந்து குவிந்த பாராட்டுகளில் ஒன்றைக்கூட நம்பாத தியுர்மா, இதை நம்பினாள். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, மங்காசியிடம் மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டு, மூன்றாவது அத்தியாயத்தைத் திறந்து ஏரியை வற்றவைக்க ஆரம்பித்தாள்.