எண்ணாமல் ஊன்றிய விதை

பீன்ஸ் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளைக் கணக்கக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பாத்திக்கு நாற்பது குழி. அறுவடைக்கு முன் எத்தனையில் செடி நிற்கிறது என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. பதினான்கு வருடமாக அவள் எண்ணிக்கை பிசகியதில்லை.

அந்த எண்ணிக்கையை வைத்து, செத்துப்போன செடிகளுக்காகப் பண்ணை ஆபீசர் பாத்தியின் விளைச்சலைக் கணக்கில் கொஞ்சம் ஏற்றிப் போடுவார். முழுதாக ஏற்ற மாட்டார். பக்கத்தில் இடம் கிடைத்த செடி கூடுதலாகக் காய்த்திருக்கும் அல்லவா, அதைக் கழித்துக்கொள்வார்.

இந்தப் பருவம் ஆபீசர் உண்டாக்கிய ரகத்துக்குக் கடைசிச் சோதனை. தேறாவிட்டால் பிரிவையே மூடிவிடுவார்கள். அவளும் மற்ற ஐந்து பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவள் வீட்டிலோ கணவர் படுத்த படுக்கை.

அந்த ரகத்துப் பாத்திகளில் எலி புகுந்து பல குழிகளைக் காலி செய்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆண்டவன் தந்த மண்ணை வெறுமனே விடுவதா? மூன்று வாரம் கழித்து, மீந்த விதையை யாருக்கும் சொல்லாமல் வேண்டிக்கொண்டே ஊன்றினாள். முளைத்தது. ஆனால் பெரிய செடிகளின் நிழலில் பேருக்கு நாலு காய்.

எண்ணும் நாளில் அந்த ரகத்தின் எல்லாப் பாத்திக்கும் நாற்பது என்றாள். செடி நிற்கிறதே, பொய்யில்லையே.

அந்த ஐவரில் எடை போடுகிறவள் சிரித்தாள். "ஒரு குழிகூடப் பொக்கை விழல பாருங்க. கண்ணு பட்டுடப் போகுதுக்கா."

எடை வந்ததும் ஆபீசர் அவளைக் கூப்பிட்டார். "முப்பது செடி நின்ன மத்த ரகத்துப் பாத்தியெல்லாம் இதைத் தாண்டிடுச்சு. நாற்பதும் நின்னு இவ்வளவுதான்னா, இது தேறாதும்மா."

அவள் எலியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. "சரி, எந்தப் பாத்தியில எத்தனை ஊனுனீங்க? அதைச் சொன்னா போதும், சரிபண்ணிடலாம்."

"எண்ணல சார்."

"நீங்களா எண்ணல?"

"வேண்டுதலா நெனச்சுச் செஞ்சேன். அதைப் போய் எண்ணுவாங்களா?"

"செடியைப் பார்த்தா தெரியுமே."

"பிடுங்கி, ஒண்ணா அடிச்சு, நிலத்தையும் உழுதாச்சு சார்."

"எண்ணிக்கை இல்லாம எதை வச்சும்மா ஏத்திப் போடுறது?" என்றார். பிறகு நாற்பது என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

களத்தில் பெண்கள் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப நாளைக்கு வரணுமா, வேண்டாமா?" என்றாள் எடை போடுகிறவள்.

"மாசக் கடைசி வரைக்கும் வரணுமாம்."

அவளும் உட்கார்ந்து ஒரு சாக்கை எடுத்து மடித்தாள்.